துண்டு காய்ந்த இடம்

இருளாண்டி நிலம் பார்க்கப் போகும்போதெல்லாம் தோளில் ஒரு துண்டும் கையில் ஒரு பாட்டில் தண்ணீரும் கொண்டுபோனான். தண்ணீர் குடிப்பதற்கு என்றுதான் கருத்தப்பாண்டி நினைத்திருந்தான்.

கருத்தப்பாண்டி, இருளாண்டியின் மனைவி வேலுத்தாய்க்கு அண்ணன். ஆட்டுத் தரகன். ஆடு பிடிக்கப் போகிற ஊர்களில் எந்தப் புஞ்சைக் காடு விலைக்கு வருகிறது என்பதும் அவன் காதில் விழும். தங்கச்சி புருசன் பட்டாசுக் கம்பெனி வேலையை விட்டுவிட்டுக் காடு வாங்கிக் குடியேறப் போகிறான் என்றதும் வாய்விட்டுச் சிரித்தான். சிரித்து முடித்து, தரகு வேண்டாம், ஒரு கிடாய் வளர்த்துக் கொடுத்தால் போதும் என்றான்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் இருளாண்டி களத்துக்காரன். செய்த வெடிகளை வெயிலில் பரப்பிக் காயவைத்து, பதம் பார்த்து, பனி இறங்குமுன் உள்ளே எடுத்துவைப்பது அவன் வேலை. இளவட்டத்தில் சேர்ந்தவன் மீசை நரைக்கும்வரை அந்தக் களத்தை விட்டு நகரவில்லை. மழை வருவது மூக்குக்கு முதலில் தெரியும் என்பான். வீட்டில் கொடியில் கிடக்கும் சேலையையும் போகும்போது வரும்போது புரட்டிப் போடுவான்.

"சேலை வெடிக்கவா போகுது, விடுங்க" என்பாள் வேலுத்தாய்.

அவன் அப்பா வழியில் எல்லோரும் பிறத்தியார் காட்டில் கூலிக்குப் போனவர்கள். இருளாண்டிக்குத் தெரிந்த விவசாயம், சின்ன வயதில் கொஞ்சநாள் மாடு மேய்த்ததுதான். ஆனால் மகள் வேல்விழியைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்த பிறகு அவனுக்கு ஒரே நினைப்பாக இருந்தது. சொந்தமாக ஒரு காடு, அதில் ஒரு வீடு, விளைந்ததைத் தின்பது.

2007 சித்திரையில் அடுத்த கம்பெனியில் ஓர் அறை எரிந்தது. களத்தில் நின்று புகையைப் பார்த்தவனுக்கு, வேலுத்தாய் அன்று எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது ஒரு கணம் மறந்துபோனது. அவளும் அவன் கம்பெனியில்தான் வெடிக்குத் திரி சொருகினாள். சாயங்காலம் வேனில் திரும்பும்போது, "காடு பாக்கலாம்" என்றான். அவள் விரல்களில் ஒட்டியிருந்த வெள்ளி நிற வெடிமருந்தை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

முதலில் மல்லாங்கிணறு பக்கம் போனார்கள். கரிசல் காடு. ஓரத்தில் கிணறு, கிணற்றில் தண்ணீரும் இருந்தது. இருளாண்டி காட்டின் நடுவில் குத்தவைத்து, பாட்டிலைத் திறந்து துண்டை நனைத்துப் பிழிந்து மண்ணில் விரித்தான். பிறகு வேப்பமரத்தடிக்கு வந்தான். கருத்தப்பாண்டி பீடி பற்றவைத்தான். இருளாண்டி பழக்கத்தில் நாலடி தள்ளி உட்கார்ந்தான்.

"என்ன மாப்ள, மண்ணுக்குக் காய்ச்சலா? நெத்தியில ஈரத்துணி போட்டாப்ல போட்டிருக்கீக."

"பொறுங்க மச்சான்."

பீடி முடிந்தது. இன்னொன்றும் முடிந்தது. துண்டு ஈரமாகவே கிடந்தது. அடிப்பக்கம் கரிசல் அப்பியிருந்தது.

"ஈரம் போகாத எடம். நமக்கு ஆகாது."

"ஈரம் நின்னா நல்லதுதானய்யா!"

"எதுவும் காயாது மச்சான்."

"எது காயணும்?"

இருளாண்டி துண்டை எடுத்து உதறினான். அவனுக்கு மனது ஒப்பவில்லை.

அடுத்து எம். புதுப்பட்டிக்குத் தெற்கே ஒரு தோட்டம். கிழக்கு வரப்பு நெடுகப் புளியமரங்கள். காலை வெயில் தரைக்கு வர நேரமாகும் என்று இருளாண்டி துண்டைத் தோளிலிருந்து எடுக்கவே இல்லை. திரும்பும் பஸ்ஸில் கருத்தப்பாண்டி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

மூன்றாவது இடத்துக்கு வேலுத்தாயும் வந்தாள். ஏழாயிரம்பண்ணைக்கு மேற்கே, ரோட்டை ஒட்டி ஒரு சரளை மேடு. சுற்றிலும் கரிசல் காடுகள் தாழ்ந்து கிடக்க, அது மட்டும் வெள்ளையாக, மொட்டையாக எழும்பி நின்றது. ஆடு கட்டக்கூட ஒரு மரமில்லை. விற்கிறவனுக்கே அதைக் காட்டக் கூச்சம். இருளாண்டி உச்சியில் துண்டை நனைத்து விரித்தான். கருத்தப்பாண்டி பீடியைப் பாதி குடிக்குமுன் துண்டின் ஓரம் காற்றில் தூக்கியது. இருளாண்டி அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். மொறமொறவென்று இருந்தது. அவன் முகத்தில் வந்த சிரிப்பை மகள் கல்யாணத்தன்றுகூடக் கருத்தப்பாண்டி பார்த்ததில்லை.

வேலுத்தாய்க்கும் ஒரு பழக்கம் உண்டு. எங்கே போனாலும் முதலில், எந்தப் பக்கம் ஓடலாம் என்று பார்ப்பாள். கல்யாண வீட்டுப் பந்தியிலும் வாசலைப் பார்த்த இலையில்தான் உட்காருவாள். மேட்டின் மேல் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"நல்ல எடம். எங்கிட்டு வேணும்னாலும் ஓடலாம்."

"ஓடுறதுக்கா காடு வாங்குவாக?" என்றான் கருத்தப்பாண்டி. "ஏ தங்கச்சி, நீயாச்சும் சொல்லுவேன்னு பாத்தேன். உங்க ரெண்டு பேருக்கும் கம்பெனி கண்ணு. அதை வச்சுக்கிட்டுக் காடு பாத்தா இப்படித்தான்."

வாங்கிவிட்டார்கள். பழைய வீட்டை விற்று, மேட்டின் நடுவில் ஒற்றை அறை ஓட்டுவீடு கட்டினார்கள். கம்பெனி அறைபோலச் சுவருக்கு ஒன்றாக நாலு கதவு. எல்லாம் வெளிப்பக்கம் திறக்கிற கதவு. அடுப்பங்கரையை வீட்டோடு சேர்க்க இருளாண்டிக்கு மனது வரவில்லை. கம்பெனியில் மருந்து அறை இருக்கிற தூரத்தில், மேட்டின் ஓரத்தில் தனியாகக் கட்டினான். சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு வேலுத்தாய் வெயிலில் நடந்து வருவாள். கருத்தப்பாண்டி பிடித்துக் கொடுத்த ஆடுகள் ஒரு கதவில் நுழைந்து இன்னொரு கதவில் வெளியே போயின.

ஐப்பசி மழைக்கு முன் கம்பு விதைத்தார்கள். மழை பெய்தது. மேட்டின் மேல் விழுந்த தண்ணீர் நிற்கவே இல்லை. விதைகளையும் வாரிக்கொண்டு ஒச்சப்பன் காட்டுக்குள் இறங்கியது. மேட்டைச் சுற்றியிருந்த கரிசலில் பெரும்பங்கு ஒச்சப்பனுடையது. தலைமுறையாக விவசாயக் குடும்பம். அவன் வரப்பில் நின்று குரல் கொடுத்தான்.

"ஏலே இருளாண்டி! உன் கம்பு எங்காட்டுல மொளைச்சுக் கெடக்கு. வந்து புடுங்கிட்டுப் போறியா, நானே அறுத்துக்கிடவா?"

அன்று மத்தியானம் வேலுத்தாய் ரேஷன் அரிசிச் சோற்றைத் தட்டில் வைத்துவிட்டுக் கணவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். கோபமாகப் பேசவில்லை.

"இந்தா பாருங்க. உங்க மேல மட்டும் குத்தமில்லை. நானும்தான் தலையாட்டினேன். வார ஆடி வரைக்கும் பாப்பேன். கடையில வாங்காத சோறு ஒரு நேரம், ஒரே ஒரு நேரம், இந்தக் காடு எனக்குப் போடணும். போடலைன்னா ஆடி கடைசில கம்பெனி வேன் ஏறிருவேன். பெறகு நீங்க ஒண்ணும் பேசக்கூடாது."

இருளாண்டி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"உப்பு?"

"உப்பை விட்டுட்டேன். உப்பு கடையிலயே வாங்கிக்கிடலாம்."

கம்பெனி வேன் தினமும் காலையில் அந்த ரோட்டில்தான் போகும். ஓட்டுகிற முனியராஜ் மேட்டுப்பக்கம் வரும்போது ஒரு ஆரன் அடிப்பான். வேலுத்தாய் கை வேகமான கை, கம்பெனியில் இன்னும் அவள் இடத்துக்கு ஆள் சரியாக அமையவில்லை. அந்தச் சத்தம் கேட்டதும் இருளாண்டி எதையாவது எடுக்கிறவன்போலக் குனிந்துகொள்வான்.

மாசியில் யாரும் நினைக்காத மழை. மிளகாய்ப் பழம் பறித்துக் களத்தில் போட்டிருந்த நேரம். ஒச்சப்பன் களத்தில் தண்ணீர் கட்டி நின்றது. மழை விட்ட மறுநாளும் கரிசல் சகதி காலை இழுத்தது. பழத்தில் வெள்ளை பூக்கத் தொடங்கியது. ஒச்சப்பன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றவன், தற்செயலாக மேட்டைப் பார்த்தான். வேலுத்தாய் அங்கே வெள்ளை வெளேரென்ற தரையில் காய்ந்த சுள்ளி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

பொழுது சாயுமுன் மிளகாய் மூட்டைகள் மேடு ஏறின. அதன் பிறகு இருளாண்டியைப் பார்க்க வேண்டுமே. பழத்தைத் தரம் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பினான். செருப்போடு யாரையும் விடவில்லை. இரும்பு வாரியையும் மேட்டுக்கு மேல் விடவில்லை. கையால்தான் புரட்டினான், தூங்குகிற பிள்ளையைத் திருப்பிப் போடுவதுபோல.

"மிளகாய்க்குமா இம்புட்டு மரியாதை?" என்றான் ஒச்சப்பன்.

"பழகிப்போச்சுங்க."

வத்தல் சிவந்து, குலுக்கினால் விதை சலசலத்தது. மற்ற காட்டுக்காரர்களும் மூட்டைகளோடு வந்தார்கள். காற்றில் நெடி ஏறி ஆடுகள் தும்மின. எல்லாம் முடிந்து ஏற்றும்போது ஒச்சப்பன் இடுப்பு மடியில் பணத்தைத் தடவிக்கொண்டு, "ஏப்பா, உங்களுக்கு என்ன செய்யட்டும்?" என்று கேட்டான்.

இருளாண்டி வாயைத் திறக்குமுன் வேலுத்தாய் சொன்னாள்: "மண்ணு."

"என்னது?"

"கண்மாய் வத்தவும் வண்டல் எடுப்பீகள்ல. டிராக்டர்ல கொண்டாந்து இங்கன கொட்டுங்க. பெறகு உங்க மோட்டார்லருந்து ஒரு ஓஸ் பைப்பு மேட்டுக்கு விடுங்க."

ஒச்சப்பன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தான். "காடு வாங்குனவுக மண்ணு கேக்கீகளே, இந்தக் கூத்து எங்கயும் உண்டுமா!"

ஆனால் சித்திரையில் கொண்டுவந்து கொட்டினான். தன் பங்குக்கு மட்டுமல்ல, மற்றவர்களையும் விரட்டிக் கொட்டவைத்தான். கல்லடுக்கி அணை கட்டி, வண்டலை அதற்குள் நிரப்பினார்கள். மேட்டின் சரிவில் கறுப்பாக ஒரு பாத்தி, ஒட்டுப்போட்ட மாதிரி. அதில் கத்தரி, ஓரத்தில் மிளகாய், மீதியில் கம்பு. வேலுத்தாய் விடிந்ததும் போய்ப் பாத்திக்குள் நின்று கால்விரல்களை மண்ணில் புதைத்துப் பார்ப்பாள்.

ஆடி பிறந்தது. கத்தரி காய்த்தது. கடையரிசிச் சோற்றுக்குச் சொந்தக் கத்தரிக்காய். கம்பு கதிர் வாங்கியதும் குருவிகள் பாதியைத் தின்றன. மீதி இன்னும் காயவில்லை, இப்போது இடித்தால் மாவாகிவிடும் என்று வேலுத்தாய் கை வைக்கவில்லை. ஆடி கடைசியில் அரிசி டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினாள். ஒரு மணி விழவில்லை.

"நாளைக்கு வேன் ஏறுறேன்" என்றாள். சொன்னபடி அவனும் ஒன்றும் பேசவில்லை. அவள் ஆட்டை ஓட்டிக்கொண்டு இறங்கிய பிறகு பாத்திக்குப் போய் நாலைந்து கதிர்களை ஒடித்தான். மேட்டு உச்சியில் துண்டை விரித்து அதில் பரப்பினான். வெயில் சாயும்வரை அங்கேயே இருந்து புரட்டினான்.

மறுநாள் வெள்ளென எழுந்தான். தள்ளியிருந்த அடுப்பங்கரையில் அவன் உலக்கை போட்டது அவளுக்குக் கேட்கவில்லை. அவள் தலை சீவி, பழைய கம்பெனிச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தபோது தூக்குவாளியை மூடி நீட்டினான்.

"வெறும் வயித்தோட போகாதே."

ரோட்டில் ஆரன் கேட்டது. அவள் வாங்கிக்கொண்டு இறங்கிப் போனாள். இன்றைக்கு அவன் குனிந்துகொள்ளவில்லை. பார்த்துக்கொண்டே நின்றான்.

வேனுக்குள் ஒரே கூச்சல். கூட வேலை பார்த்த பாண்டிமீனா நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"வாங்கத்தே, பண்ணையாரம்மா! வெள்ளாமையெல்லாம் வீடு வந்து சேந்துருச்சா?"

"கேலி பேசாதடி."

"வாளியில என்னத்தே, வாசம் தூக்குது?"

"தெரியலைடி. அவுகதான் பொங்கினாக." மூடியைத் திறந்தாள். மேல்தட்டில் சுட்ட கத்தரிக்காய்க் கடையல், அதில் கிள்ளிப்போட்ட மிளகாய் வத்தல். எண்ணெய் இல்லை. கீழே கம்பஞ்சோறு. ஒவ்வொரு மணியும் தனித்தனியாக, கட்டி இல்லாமல் வெந்திருந்தது.

வேலுத்தாய் அதைப் பார்த்தாள். கத்தரிக்காய் பாத்தியில் காய்த்தது. வத்தல் பாத்தி ஓரத்துச் செடியில் பறித்து மேட்டில் காய்ந்தது. கம்பு.

"என்னத்தே, குழம்பைக் காணோமா?"

"முனியராசு, நிப்பாட்டுப்பா."

"இப்பத்தானக்கா ஏறுனீக! என்ன மறந்துட்டீக?"

"நான் வரலை. எறங்கணும்."

அவள் ரோட்டோரமாகத் திரும்பி நடந்து வருவதை இருளாண்டி மேட்டிலிருந்து பார்த்தான். எதையோ மறந்துவிட்டாள் என்று வீட்டுக்குள் ஓடித் தேடினான். தண்ணீர் பாட்டில் கண்ணில் பட்டது. அதை எடுத்துக்கொண்டு, எந்தக் கதவு கிட்டத்தில் இருந்ததோ அந்தக் கதவு வழியாக வெளியே வந்து சரிவில் இறங்கினான்.

"இதைத்தானே வச்சுட்டுப் போயிட்ட? வேன் நிக்குதா?"

"போயிருச்சு."

அவளுக்கு மூச்சு வாங்கியது. தூக்குவாளியைத் தரையில் வைத்தாள்.

"தெரிஞ்சுதான் பொங்கினீகளா?"

"அரிசி இல்லைல. வேற எதைப் போட?"

அவள் அவன் தோளிலிருந்து துண்டை உருவிச் சரளையில் விரித்து உட்கார்ந்தாள். பக்கத்தில் தட்டிக் காட்டினாள். அவனும் உட்கார்ந்தான். மேல்தட்டில் ஒரு பங்கு சோற்றை அள்ளி வைத்து அவனிடம் தள்ளிவிட்டு, ஒரு வாய் எடுத்து மென்றாள்.

"உப்பு பத்தலை."

"அது கடையில வாங்குனதாச்சே" என்றான் இருளாண்டி. "அதான் கொஞ்சமாப் போட்டேன்."