சந்தியாகுவின் கழுவாத கால்

பெரிய வியாழன் வந்தால் சந்தியாகு மத்தியானமே தோல் பதனிடுகிற தோல்ஷாப்பிலிருந்து வீட்டுக்கு வந்துவிடுவார். வாசலில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, பீர்க்கநாரும் சிவப்புச் சோப்புமாக இரண்டு கால்களையும் தேய்க்கத் தொடங்குவார். வருஷமெல்லாம் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று தோல் அலசுகிற கால்கள். தேய்த்து முடித்ததும் கல்யாண மாப்பிள்ளை முகத்துக்குப் போடுவதுபோல் பவுடர் போடுவார்.

அன்று சாயந்தரம் கோவிலில் சாமியார் பன்னிரண்டு ஆண்களுக்குக் கால் கழுவுவார். இயேசு சாவதற்கு முந்தின நாள் தம் சீடர்களுக்குக் கழுவியதை நினைத்துச் செய்கிற சடங்கு அது. சந்தியாகு அந்தப் பன்னிரண்டில் ஒருவர். கல்யாணமான வருஷத்திலிருந்து அவர் மனைவி ஞானப்பூ இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டு வருகிறாள்.

"கழுவுன காலை எதுக்குய்யா சாமி திரும்பக் கழுவணும்?"

"அடியே, சாமி கையில அழுக்கு ஒட்டலாமா?"

"அப்ப அந்தச் சீடரு பேதுரு சோப்புப் போட்டுட்டுத்தான் போயி உக்காந்தாராக்கும்?"

"வாய மூடுடி. நரகத்துக்குத்தான் போவ."

"போறேன். அங்கயாச்சும் வெந்நிக்குப் பஞ்சம் இருக்காது."

பிரசங்கம் ஆரம்பித்தால் ஞானப்பூ தூங்கிவிடுவாள். வேதத்தில் பாதி அவள் மண்டையில் ஏறியதில்லை. ஆனால் கடவுள் மனுஷனாக வந்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, மீன்பிடிக்கிறவர்களின் காலைப் பிடித்தார் என்பது மட்டும் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதிலும் யூதாசின் காலையும் சேர்த்துக் கழுவியிருக்கிறார். "காட்டிக்குடுக்கப் போறான்னு தெரிஞ்சே கழுவிருக்காரு. நானா இருந்தா சுண்டுவிரலை ஒடிச்சு விட்டிருப்பேன்" என்பாள்.

அவளுக்கும் ஒரு யூதாசு உண்டு. பக்கத்து வீட்டுப் பெருமாயி. திண்டுக்கல்லில் குழாய்த் தண்ணீர் வருவது திருவிழா மாதிரி. எப்போதோ ஒரு நாள் வரும். அப்படி வந்த ஒரு நாளில் வரிசையில் இருந்த ஞானப்பூவின் குடத்தைப் பெருமாயி எத்திவிட்டாள். குடம் உருண்டு சாக்கடையில் விழுந்தது. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் நேர்ப் பேச்சு கிடையாது. ஆளைத் திட்ட வேண்டுமானால் கோழியைத் திட்டிக்கொள்வார்கள்.

2003இல் மழையே இல்லை. குழாய் காறித் துப்பக்கூட மறந்துவிட்டது. தெருக் கிணற்றில் தோல்ஷாப் கழிவு இறங்கி, வாயில் வைத்தால் குமட்டியது. அந்த வருஷம்தான் பெருமாயியின் காலில் முள் குத்திப் புண்ணாகிவிட்டது. அவளுக்குச் சர்க்கரை வேறு. மகன் திருப்பூருக்குப் போய்விட்டான். நல்ல தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றித் தினமும் கழுவாவிட்டால் காலை எடுக்க வேண்டியதுதான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். நல்ல தண்ணீருக்கு அவள் எங்கே போவாள்? எழுந்து நிற்கவே முடியவில்லை.

பெரிய வியாழன் வந்தது. ஞானப்பூ வீட்டில் ஒரே ஒரு குடம் நல்ல தண்ணீர் இருந்தது. "என் காலுக்கு" என்று சொல்லி அதன் வாயைத் துணியால் கட்டி வைத்துவிட்டுத்தான் சந்தியாகு வேலைக்குப் போயிருந்தார். உலை வைக்கலாம் என்று ஞானப்பூ அடுப்படியில் உட்கார்ந்தால், சுவரைத் தாண்டிப் புண் நாற்றம் வந்தது. குடத்தைப் பார்த்தாள். சுவரில் தொங்கிய இயேசு படத்தைப் பார்த்தாள்.

"நீரு பாட்டுக்கு ஒரு நாள் கழுவிட்டுப் போயிட்டீரு. இப்ப எங்க உசுர வாங்குறீரு" என்று படத்தைத் திட்டிவிட்டு, தண்ணீரைக் கொதிக்க வைத்தாள்.

ஆறியதும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தவளைப் பார்த்துப் பெருமாயி, "எதுக்குடி வந்த? செத்துட்டேனான்னு பாக்கவா?" என்றாள்.

"ஆமா. செத்திருந்தா தூக்கிப் போட்டுட்டு நிம்மதியாச் சோறாக்கலாம்னு வந்தேன். காலை நீட்டு."

"தொடாதடி, சீழு."

"கண்ணு தெரியுது எனக்கு. நீட்டுங்குறேன்ல. எங் குடத்தை எத்துன காலுதான இது?"

பெருமாயி இரண்டு காலையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "இல்லடி. எத்துனது வலது காலு."

"அப்ப ஆண்டவரு தப்பான காலுக்குல்ல தண்டனை குடுத்துட்டாரு!"

பெருமாயிக்குச் சிரிப்பு வந்தது. துணி புண்ணில் பட்டதும் அது அழுகையானது. ஞானப்பூ மூச்சைப் பிடித்துக்கொண்டு விரல் இடுக்கெல்லாம் கழுவினாள். இரண்டு தடவை வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து மறுபடியும் கழுவினாள். மிச்சத் தண்ணீரைக் குடிக்க வைத்துவிட்டுக் காலிக் குடத்தோடு வீட்டுக்கு வந்தாள்.

சந்தியாகு வந்து குடத்தைத் தட்டிப் பார்த்தார். "தண்ணி எங்கடி?"

"பெருமாயி கால்ல."

"அப்ப என் காலு?"

"அங்கனயேதான் இருக்கு. குனிஞ்சு பாரும்."

கோவில் மணி அடித்துவிட்டது. அவர் பதறிப்போய் அழுக்கின் மேலேயே பவுடரைக் கொட்டிக்கொண்டு ஓடினார்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஞானப்பூ எட்டிப் பார்த்தாள். சாமியார் தண்ணீர் ஊற்றியதும் தட்டில் டீ மாதிரி இறங்கியது. பக்கத்திலிருந்த சீடர் மூக்கைப் பொத்திக்கொண்டார். சாமியார் நிமிர்ந்து, "என்னய்யா, வீட்டுல தண்ணி இல்லையா?" என்றார்.

"இருந்துச்சு சாமி. எம் பொண்டாட்டி பக்கத்து வீட்டுக்காரிக்குக் கால் கழுவிட்டா" என்று சந்தியாகு தலையைத் தொங்கப் போட்டார்.

சாமியார் இன்னொரு செம்பு தண்ணீர் கேட்டு வாங்கி, தேய் தேய் என்று தேய்த்தார். பிறகு குனிந்து அந்தக் காலை முத்தமிட்டார். எழுந்தபோது கணுக்காலில் மிஞ்சிய பவுடர் மீசையில் ஒட்டியிருந்தது.

"மானம் போச்சுடி" என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தார் சந்தியாகு.

"இன்னைக்குத்தான்யா சாமி உருப்படியா ஒரு காலைக் கழுவிருக்காரு" என்றாள் ஞானப்பூ.

அடுத்த முறை குழாயில் தண்ணீர் வந்தபோது அவர் வரிசையில் இரண்டு குடம் வைத்தார். யாரோ சண்டைக்கு வந்ததும், "ஒண்ணு பெருமாயிக்கு. போயி அவ காலைப் பாத்துட்டு வந்து பேசு" என்றார்.

இப்போது பெருமாயிக்கு இடது காலில் இரண்டு விரல் இல்லை. கால் இருக்கிறது. குழாயடிச் சண்டைக்கும் நடந்தே வருகிறாள். அன்றைய நாற்றத்தைச் சொல்லிக் கோவில்காரர்கள் சந்தியாகுவைப் பன்னிரண்டு பேரில் இப்போது சேர்ப்பதில்லை. தண்ணீர் வருகிற நாளில் முதல் குடத்தை அவர்தான் பெருமாயி வீட்டில் இறக்குகிறார், முனகிக்கொண்டே.