ஜெய்சல்மேர் பிள்ளையாருக்குப் போட்ட தோப்புக்கரணம்

சேலையூரிலிருந்து நானும் என் கணவரும் ராஜஸ்தானில் உள்ள ஜெய்சல்மேர் கோட்டையைப் பார்க்கப் போயிருந்தோம். பாலைவனத்தின் நடுவே, அந்தக் காலத்து வியாபாரிகள் கொழித்த ஊர். கோட்டைக்குள் ஒரு சந்தில், வாசல் சுவரில் பெரிய பிள்ளையார் ஓவியம். கீழே இந்தியில் ஏதோ எழுதியிருந்தது.

“அட, நம்ம பிள்ளையார் கோவில்! செருப்பைக் கழட்டு” என்றார் இவர். தோப்புக்கரணம் போட்டுவிட்டு, சன்னதியைத் தேடி இருவரும் உள்ளே போனோம். அங்கே ஒருவர் முகமெல்லாம் சோப்பு நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்தார். கையில் கத்தியோடு திரும்பி அதட்டினார். நான் இவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இவரோ, “குருக்கள் போலிருக்கு. நடை சாத்திட்டாங்களான்னு கேளு” என்கிறார்!

சத்தம் கேட்டு ஓடி வந்த அவர் மகள்தான் ஆங்கிலத்தில் விளக்கினாள். கோட்டைக்குள் இன்றும் குடும்பங்கள் வசிக்கின்றனவாம். வீட்டில் கல்யாணம் என்றால், சுவரில் பிள்ளையாரை வரைந்து, மணமக்கள் பெயரையும் எழுதி ஊரை அழைப்பார்களாம். நாங்கள் தோப்புக்கரணம் போட்டது அவள் அண்ணனின் கல்யாணப் பத்திரிகைக்கு! சிரித்துக்கொண்டே லட்டு கொடுத்தாள். இவர் அதையும் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் சாப்பிட்டார்.

இப்போதெல்லாம் வெளியூரில் பிள்ளையாரைக் கண்டால், செருப்பைக் கழற்றும் முன் உள்ளே கொடியில் துணி காய்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.