ஜாமில் இறுகும் கை

பெங்களூரு தொம்மலூரில் கம்பெனி பஸ் ஏறினால் எலெக்ட்ரானிக் சிட்டி போய்ச் சேரும்வரை எனக்கு இருப்புக் கொள்ளாது. மணி பார்ப்பேன், மொபைல் மேப்பில் ஜாம் எங்கே சிவப்பாக இருக்கிறது என்று பார்ப்பேன், மறுபடியும் மணி பார்ப்பேன்.

பக்கத்து சீட்டில் ஓர் அம்மாள் வருவார். காதோரம் நரை, மூக்கு நுனியில் கண்ணாடி, கழுத்தில் அடையாள அட்டையோடு ஓர் இஞ்ச் டேப். உள்ளங்கை அகலத்துக்கு உல்லன் நூலில் ஒரு சதுரம் பின்னுவார். டேப் வைத்து அளந்து, நோட்டில் குறித்துக்கொண்டு, முழுவதையும் பிரித்துவிடுவார். மறுநாளும் அதே சதுரம்தான். ஒரு வாரம் பார்த்தேன், பொறுக்கவில்லை.

"ஸ்வெட்டரை எப்பதான் மேடம் ஆரம்பிப்பீங்க?"

"போன வருஷம் அவசரப்பட்டேன் சார். லீவு நாள்ல வீட்ல சாம்பிள் போட்டேன், நாலு இஞ்சுக்கு இருபது ஸ்டிச் வந்தது. அந்தக் கணக்குல ஸ்வெட்டரை பஸ்ல போட்டேன். எங்க வீட்டுக்காரருக்குத் தலையே உள்ள போகல. ஜாம்ல உக்காந்தா கை இறுகிடுது சார், இருபத்திநாலு வருது."

"அப்ப வீட்லயே பின்னலாமே?"

"வீட்ல ஏது சார் டைம்? அதான் சாம்பிளையும் இங்கயே போடறேன். தினமும் இருபத்திநாலு வந்தா ஆரம்பிச்சுடுவேன்."

அடுத்த திங்களே ஆரம்பித்துவிட்டார். ஸ்வெட்டரின் முதுகுப் பக்கம் பாதி வளர்ந்திருந்தபோது பள்ளிகளுக்கு தசரா விடுமுறை விட்டார்கள். சாலை காலி. பஸ் மேம்பாலத்தில் பறந்தது, எல்லோர் முகத்திலும் சிரிப்பு. அவர் மட்டும் ஊசிகளைப் பைக்குள் வைத்துவிட்டார்.

"கை லூஸாயிடுச்சு சார்" என்றவர், முன்னால் எங்காவது வண்டிகள் நிற்கின்றனவா என்று எட்டி எட்டிப் பார்த்தார்.

நான் மேப்பைத் திறந்து, வழியில் எங்கேயாவது சிவப்பு தெரிகிறதா என்று அவருக்காகத் தேடினேன்.