சொல்லாமல் பெண் பார்த்த வெள்ளிக்கிழமை

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் யாராவது என் பெயரைக் கேட்டால்கூடப் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பேன். அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்திருப்பது எனக்கே அதிகப்பிரசங்கித்தனமாகத்தான் படுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். பெரிய விஷயம் எதுவும் இல்லை. என் சித்தியைப் பற்றி, அதுவும் ஒரே ஒரு முற்பகலைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. குன்னத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அம்மாவின் கடைசித் தங்கையான சித்தி எங்களோடுதான் இருந்தாள். அவளுக்கு இருபத்தொன்று. பருத்தி எடுக்கவும் வெங்காயம் ஆயவும் அம்மாவோடு காட்டுக்குப் போவாள். மற்ற நேரமெல்லாம் அவள் சந்தோஷமாக இருந்தாள். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சின்னச் சின்ன விஷயங்களில் சந்தோஷமாக இருப்பதை ஒரு வேலையைப் போலச் செய்தாள்.

அப்பாவின் ரேடியோவை ஜன்னல் கட்டையில் வைத்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பி, இரைச்சல் இல்லாத இடத்தைக் கண்டுபிடித்துச் சுவரில் கரியால் கோடு போட்டு வைத்திருந்தாள். பாட்டு தொடங்குவதற்கு முன்பு வரும் இசையிலேயே படத்தின் பெயரைச் சொல்லிவிடுவாள். மளிகைக் கடைப் பொட்டலக் காகிதத்தில் சினிமா விளம்பரம் இருந்தால் பருப்பு கீழே கொட்டினாலும் கவலைப்படாமல் அதை நீவி எடுத்துத் தலையணைக்கு அடியில் வைப்பாள். குளிக்கப் போகும்போது நெற்றிப் பொட்டை எடுத்துக் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டுவாள். ஒட்டி ஒட்டி முகம் பார்க்கும் இடமே சுருங்கிப்போனது. பெரம்பலூர் போனால் ரோஸ் மில்க் குடிக்காமல் வரமாட்டாள். கடைசி வாயை விழுங்காமல் பஸ் ஏறும்வரை வைத்திருப்பாள்.

யோசனைகளும் உண்டு. களத்தில் படுத்துக்கொண்டு திடீரென்று கேட்பாள்.

“ஏன்டி குட்டி, ஒரு பாட்டுக்குள்ள எட்டுப் பொடவ மாத்துறாளே, அத்தனையும் யாருடி தொவைப்பா?”

கொஞ்ச நேரம் கழித்து, “லவ் பண்றவங்க பாடிக்கிட்டே மலை மேல ஓடுறாங்க, சரி. எறங்கி வரும்போது என்ன பேசிக்கிட்டு வருவாங்க?” என்பாள்.

வீட்டில் இருக்கும்போது எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். வெளியே போனால்தான் கஷ்டம். பஸ்ஸில் பாட்டுப் போட்டால் கூடவே வாயசைப்பாள். சத்தம் வராது, ஆனால் புருவம், கழுத்து எல்லாம் பாடும். எதிர் சீட்டுக்காரர்கள் பார்ப்பார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டு, இவள் யாரோ நான் யாரோ என்பதுபோல உட்கார்ந்திருப்பேன். காது மடல் சுடும். இப்போது சொல்லும்போதும் சுடுகிறது.

அந்த வருஷம் சித்திக்கு இரண்டு இடம் வந்து தட்டிப்போயிற்று. பெண் பார்க்க ஆள்கள் வந்து பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பதிலே சொல்லாவிட்டால் ஊருக்குள் தலை காட்ட முடியாது. அதனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் முதலில் கோயிலுக்கு வருவதுபோல வந்து, பெண்ணுக்குத் தெரியாமல் பெண்ணைப் பார்த்துவிட்டுப் போவார்கள். பிடித்திருந்தால் முறையாக வருவார்கள். பிடிக்காவிட்டால் யாருக்கும் அவமானமில்லை. மூன்றாவதாகக் கங்கைகொண்ட சோழபுரம் பக்கத்திலிருந்து வந்த இடத்தை அத்தை அப்படித்தான் ஏற்பாடு செய்திருந்தாள். நெல் வயலும் முந்திரிக் கொல்லையும் உள்ள குடும்பம். இதுவும் தட்டிப்போனால் வேறு யாரும் வரமாட்டார்கள் என்று அம்மா பயந்தாள். சோறு வடிக்கும்போதுகூட அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் சித்தி குளிக்கப் போயிருந்தபோது அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்துப்போய்ச் சொன்னாள்.

“வாலிகண்டபுரம் கோயிலுக்கு ரெண்டு பொம்பளைங்க வருவாங்க. சித்திகிட்ட மூச்சு வுடாத. அவ அடக்கமா இருக்காளான்னு நீதான் பாத்துக்கணும். சினிமாப் பேச்சு எடுத்தான்னா கிள்ளு.”

அவ்வளவு பெரிய பொறுப்பை அதற்குமுன் யாரும் என்னிடம் கொடுத்ததில்லை.

அம்மாவின் பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு சித்தி வந்தாள். எதற்குப் பட்டு என்று கேட்கவேயில்லை. எனக்கு அது அப்போது வித்தியாசமாகத் தோன்றவில்லை.

நானும் சித்தியும் மட்டும்தான் போனோம். கோயிலில் கூட்டமில்லை. சாமி கும்பிட்டுவிட்டுத் தூண்கள் நிற்கும் மண்டபத்துக்கு வந்தோம். அங்கே இரண்டு பெண்கள் ஒயர்கூடையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மூக்கின் இரண்டு பக்கமும் பேசரி போட்ட பெரியம்மா. மற்றவள் இளவயது. அம்மா சொன்னவர்கள் இவர்கள்தான் என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது.

“ஏம்மா, மணி என்ன இருக்கும்?” என்று பெரியம்மா கேட்டாள். காது கேட்கிறதா, பேச்சு திக்கவில்லையே என்று பார்க்கத்தான் இப்படிக் கேட்பார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

“எங்கிட்ட ஏதுங்க வாட்ச்? வெயிலு மூணாவது தூணுக்கு வந்துடிச்சு. பத்தரை இருக்கும்ங்க.”

“இந்தப் பூவக் கொஞ்சம் கட்டித் தரியா? என் கை நடுங்குது.”

கை நடுங்கவேயில்லை. சித்தி பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கனகாம்பரத்தைக் கட்டத் தொடங்கினாள். விரல்கள் வேகமாக ஓடின. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அதோடு எழுந்து வந்திருந்தால் போதும்.

“சினிமால்லாம் பாப்பியாம்மா?” என்று இளையவள் மெதுவாகக் கேட்டாள்.

நான் கிள்ளினேன். சித்தி என் கையைத் தட்டிவிட்டாள்.

“பாக்காம? ஒரு படம் பாத்தா ஒரு மாசம் ஓட்டிடுவேன். பாக்காட்டி பாத்தவங்ககிட்ட கதை கேட்டு ஓட்டிடுவேன்.”

“யாரைப் புடிக்கும்?”

“மீசைக்காரரு சண்டை போட்டா நல்லாருக்கும்ங்க. ஆடுனாத்தான் கரும்புக்கட்டைத் தூக்கிக்கிட்டு வரப்புல நடக்குற மாதிரி இருக்கும்.”

இளையவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். பெரியம்மா சிரிக்கவில்லை.

“சோறாக்கத் தெரியுமா?”

“நல்லாவே ஆக்குவேன். ரேடியோவுல நல்ல பாட்டு வந்தா மட்டும் உப்பு ரெண்டு தடவை வுழுந்துடும். உங்க வூட்டுல ரேடியோ இருக்குங்களா?”

“இருக்கு. நியூசுக்கு மட்டும் போடுவாங்க.”

“ஐயோ பாவம்,” என்றாள் சித்தி. “பொட்டிக்குள்ள அத்தனை பாட்டு இருந்தும் வாயத் தொறக்க வுடறதில்லையா?”

மறுபடியும் கிள்ளினேன். இந்தத் தடவை நகம் பட்டிருக்கும். சித்தி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மண்டபத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இங்க பாடினா நல்லாக் கேக்கும்ங்க, கேளுங்க,” என்று இரண்டு வரி பாடினாள். குரல் தூண்களில் பட்டுத் திரும்பி வந்தது. பிரகாரம் பெருக்கிக்கொண்டிருந்த ஆள் துடைப்பத்தை நிறுத்தினார். பெரியம்மா இளையவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பார்த்ததும், எல்லாம் போயிற்று, அம்மா என்னைக் கொன்றுவிடுவாள் என்று நினைத்தேன். என் முகமெல்லாம் தீயாக எரிந்தது. தூணுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. அதற்குப் பதிலாக, யாரோடும் பேசாத நான் பேசிவிட்டேன்.

“எங்க சித்தி எப்பவும் இப்படி இல்லீங்க. வூட்டுல வாயே தொறக்காது. சொன்ன வேலையச் செய்யும். இன்னிக்குத்தான் என்னமோ…”

பூ கட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. பெரியம்மா என்னைப் பக்கத்தில் இழுத்து, “அப்படியா கண்ணு?” என்று கன்னத்தைத் தடவினாள். கூடையிலிருந்து ஒரு வாழைப்பழம் எடுத்துக் கொடுத்தாள். சித்தி மீதிப் பூவை வேகமாகக் கட்டினாள். கட்டி முடித்த பூவைப் பெரியம்மாவின் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

பஸ் வரும்வரை புளியமரத்தடியில் நின்றோம். பழத்தை உரித்து அவளுக்குப் பாதி கொடுத்தேன். வாங்கவில்லை.

“அவங்க யாருன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?” என்றாள்.

நான் பழத்தைக் கடித்தேன்.

“கோயிலுக்கு வந்தவங்க சாமியப் பாக்காம என் காலயே பாத்துக்கிட்டிருந்தாங்க. வெள்ளிக்கிழமையும் அதுவுமா உங்கம்மா பட்ட எடுத்துக் குடுக்குது. எனக்கு என்ன கண்ணா தெரியல?” பஸ் வருகிறதா என்று ரோட்டை எட்டிப் பார்த்தாள். “புடிச்சா இப்படியே புடிக்கட்டும், இல்லாட்டி போகட்டும்னுதான் பேசினேன்.”

வெட்கப்படும்படி நடந்துகொண்டதை மறைக்க ஏதோ சமாளிக்கிறாள் என்றுதான் எனக்குப் பட்டது. தெரிந்திருந்தால் யாராவது அப்படிப் பேசுவார்களா? கெட்டுப்போயிருக்க வேண்டியதை நான் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு மீதிப் பழத்தையும் தின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தை பதிலோடு வந்தாள். வாசலிலேயே செருப்பை உதறிவிட்டுச் சத்தமாகச் சொன்னாள்.

“கை வேலை புடிச்சிருக்காம், நெறம் புடிச்சிருக்காம். வாய்தான் கொஞ்சம் நீளமாம். ஆனா இந்தப் பொடிசு சொல்லிச்சாமே, அவ எப்பவும் அப்படி இல்ல, வூட்டுல வாயே தொறக்காதுன்னு. சின்னப் புள்ள எதுக்குப் பொய் சொல்லப் போவுது, அடங்கித்தான் இருப்பான்னு அந்தப் பெரியம்மா சரின்னுட்டாங்க. இனிப் பொண்ணு பாக்கன்னு தனியா வரலியாம், நேரா நாளக் குறிக்கலாமாம்.”

அம்மா என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஒன்பது வயதுப் பிள்ளையை யாரும் இடுப்பில் வைப்பதில்லை. என் கால் அவள் முழங்காலில் இடித்தது. அப்பா, “நம்ம வூட்டு வக்கீலு,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஒரே நாளில் அத்தனை பேர் என்னைப் பாராட்டியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

சித்தி சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சரியா, வேண்டாமா என்று அவளை யாரும் கேட்கவில்லை. அம்மா காப்பி போட உள்ளே போனதும் என் பக்கத்தில் வந்து, அவிழ்ந்திருந்த என் ரிப்பனை இறுக்கிக் கட்டிவிட்டாள்.

“என்னக் கேக்காமலேயே எனக்கு நல்ல பேரு வாங்கிக் குடுத்துட்டியேடி குட்டி,” என்றாள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் ஏன் அப்படி இருந்தது என்று நான் யோசிக்கவில்லை. அதையும் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டு, “பரவாயில்ல சித்தி,” என்றேன்.

மறுநாள் அப்பா கல்யாணத்துக்கு நாள் குறிக்க, மாப்பிள்ளை ஊர்ப் பக்கம் போகும் ஜெயங்கொண்டம் பஸ் ஏறினார். எனக்குப் பள்ளிக்கூடம் இருந்தது.