வீட்டில் வைத்த கைநாட்டு

என் மருமகளின் வேட்புமனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். அவர்கள் சொன்ன காரணம் என் கட்டைவிரல். இதைக் கேட்டுவிட்டு நான் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமாம். முடியாது.

முதலில் அவளைப் பற்றிச் சொல்கிறேன். அரசாங்க அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். பதினாறு வருஷமாக ஊர்ப்பட்ட பேருக்கு விண்ணப்பம் எழுதித் தருகிறாள். பெயர் மாற்றம், இறப்புச் சான்றிதழ், எதுவானாலும் அவள் எழுதிய தாள் திரும்பி வந்ததில்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே ஐந்து நிமிஷம் தேடுவாள். ஆனால் பாரத்தில் ஒரு எழுத்து விட்டுப்போனால் உடனே பிடித்துவிடுவாள்.

எங்கள் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டைப் பூட்டி நாலு வருஷமாகிறது. திறக்கச் சொல்லி அவள் கொடுத்த மனு மட்டும் முப்பத்தேழு. ஒரு பெரிய கட்சி பூட்டியது. அடுத்து வந்த பெரிய கட்சி பூட்டுக்கு எண்ணெய் போட்டது. "எழுதி எழுதிக் கை ஓஞ்சுபோச்சு அத்தை, நானே சட்டசபைக்கு நிக்கறேன்" என்றாள். நாலு தெரு தாண்டினால் யாருக்கும் தெரியாத ஒரு சின்னக் கட்சி அவளை நிறுத்தியது.

சட்டத்தைக் கேளுங்கள். பெரிய கட்சி வேட்பாளரை முன்மொழிய ஒரே ஆள் போதும். எங்களுக்குப் பத்துப் பேர் வேண்டும். அதில் ஒன்று செல்லாவிட்டால் மனுவே செல்லாது. ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். பத்தாவதாக ஒப்புக்கொண்ட சலூன்காரரை யாரோ மிரட்டியிருக்கிறார்கள். "அக்கா, எனக்குக் கடை வேணும்" என்று நழுவிவிட்டார்.

"நான் இருக்கேன்டி" என்றேன். எனக்கு எழுத்து தெரியாது. முழங்கால் படுத்துகிற பாட்டில் தேர்தல் அதிகாரியின் இரண்டாம் மாடி அலுவலகத்துக்கு நான் ஏறக்கூடாதென்று, மைப்பெட்டியை அடுக்களைக்கே கொண்டுவந்து ரேகை வாங்கிக்கொண்டு போனாள்.

வேட்புமனுக்களைப் பரிசீலிக்கிற அன்று நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன். கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினேன். பெரிய கட்சிக்காரர் ஒருவருடைய தாளில் வயதுக் கட்டமே காலி. "சின்ன விஷயம், இப்ப எழுதிடுங்க சார்" என்று அதிகாரி தன் பேனாவையே நீட்டினார். அடுத்தது இவள்.

"இந்தக் கைரேகையை என் முன்னாடி வைக்கலை. செல்லாது."

"அது இவங்களோடதுதான் சார். இப்பவே வைக்கச் சொல்லுங்க."

"மனு கொடுக்கற நேரம் நேத்தே முடிஞ்சதும்மா."

"அவருக்கு மட்டும் முடியலையா?"

"அது சின்னப் பிழை. இது சட்டம்."

மேடையில் ஒருவரை ஒருவர் கிழிகிழியென்று கிழிக்கிற இரண்டு கட்சி ஆட்களும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரே மாதிரி சிரித்தார்கள். "பாட்டி, வீட்ல போய் ரெஸ்ட் எடுங்க" என்றான் ஒருவன்.

"ஏன்டா, ஓட்டுப் போட என்னைக் கூட்டிட்டுப் போக ஆட்டோ அனுப்புவியே, அன்னிக்கு மட்டும் இந்த விரல் செல்லுமா?"



படியில் இறங்கும்போது அவள் முகம் செத்துப்போயிருந்தது. "ஊருக்கெல்லாம் எழுதினேன் அத்தை. என் தாள்ல கோட்டை விட்டுட்டேன்."

"என் கால் வலிக்காகத்தானே விட்டே" என்றேன். அப்போதுதான் அழுதாள்.

அவள் தப்பே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. தப்பைத் திருத்த ஒருத்தருக்குப் பேனா நீளுகிறது, இன்னொருத்திக்குக் கதவு சாத்திக்கொள்கிறது. அதைத்தான் கேட்கிறேன்.

பாதிப் படியில் அவள் சட்டென்று நின்றாள். "காரணத்தை எழுத்துல வாங்கலையே! நீங்க இங்கேயே இருங்க அத்தை, நான் போய்ட்டு வரேன்."

அவளைத் தனியாக அனுப்புவேனா? மறுபடி ஏறினேன். "நாளைக்கு வாங்க" என்று மூன்று தடவை விரட்டினார்கள். நாங்கள் பெஞ்சை விட்டு அசையவில்லை. அலுவலகம் மூடுகிற நேரத்தில் முத்திரை குத்தி ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் என் விரலைப் பற்றி நாலு வரி இருக்கிறதாம். பேனா நீட்டியதைப் பற்றி ஒன்றுமே இல்லையாம்.

எழுதாவிட்டால் போகட்டும். கண்ணால் பார்த்தவள் நான். "கேஸ் போடு, எந்தக் கோர்ட்டானாலும் வந்து சொல்றேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.