விளக்கம் எழுதாத படம்

இன்சுலின் பேனாவின் அடியைத் திருகினால் மெல்லிய சத்தம் கேட்கும். ஓர் அலகு மருந்துக்கு ஒரு சொடக்கு. நான் பக்கம் வடிவமைத்த பத்திரிகையின் திருகோணமலைக் கிளையில் அச்சுப்பிழை பார்க்கும் ஒப்புநோக்காளராக இருந்தவரை எல்லோரும் அண்ணன் என்போம். அவர் அந்தச் சொடக்குகளை எண்ணித்தான் மருந்து ஏற்றுவார். நாளுக்கு ஒருமுறை, காலையில் பதினெட்டு. நீரிழிவு அவருடைய பார்வையை முழுதாக எடுத்துவிட்டிருந்தது. மனைவி இறந்த பிறகு சல்லிக் கிராமத்தில் தனியாக இருந்தார். நான் போகும்போது, எண்ணி முடியும்வரை ஒரு விரலை உயர்த்தி என்னைப் பேசவிடாமல் வைத்திருப்பார்.

கிளை அலுவலகம் மூடப்பட்டபின் நான் கடைகளுக்கு இணையத்தளம் செய்து கொடுத்தேன். துறைமுகத்துக்குப் போகும் வீதியில், கிண்ணியாவைச் சேர்ந்த, நாங்கள் நானா என்று அழைக்கும் முஸ்லிம் முதலாளி ஒருவரின் மருந்துக்கடைக்கும் செய்தேன். அறிவித்தல் என்றால் எங்கள் ஊர்க் கடைக்காரருக்கு அது வட்ஸ்அப்பில் அனுப்பக்கூடிய படமாக இருக்கவேண்டும். அதே படத்தைத் தளத்திலும் ஏற்றிவிடுவேன்.

அண்ணனின் கைபேசி திரையில் உள்ள எழுத்தை வாசித்துச் சொல்லும்; படத்துக்குள் இருக்கும் எழுத்தை வாசிக்காது. ஒருநாள் அழைத்தார்.

"உம்மட மருந்துக்கடைப் பக்கம் படம், படம் எண்டுதான் சொல்லுது. என்ன படம் ஓடுது அங்க?"

"அறிவித்தல் அண்ணை. கடைக்குப் போன் எடுத்துக் கேளுங்கோவன்."

"கேட்டுத்தான் அறியவேணுமெண்டா உந்தப் பக்கம் ஆருக்கு? பேப்பரில விளக்கம் இல்லாம ஒரு படம் விட்டிருப்பீரோ?"

விட்டிருக்கமாட்டேன். தளத்தில் படம் ஏற்றும் இடத்துக்குக் கீழே, அதில் உள்ளதைப் பார்வையற்றவர்களுக்காக எழுத ஒரு சிறு கட்டம் இருந்தது. ஒரு நிமிட வேலை. இந்தக் கிழமை செய்கிறேன் என்றேன். இரண்டு மாதம் போனது.

நானாவின் கடையில் குளிர்சாதனப் பெட்டி பழுதாகி இன்சுலின் உறைந்துவிட்டது. உறைந்து இளகிய இன்சுலினை நம்ப ஏலாது. அது தெரியவருமுன் சில பேனாக்கள் விற்றுப்போயின. அண்ணனுக்கு வழக்கமாக மருந்து வாங்கிக் கொடுக்கும் முச்சக்கரவண்டிக்காரரும் ஒன்றை வாங்கிப் போயிருந்ததைப் பிறகுதான் அறிந்தேன்.

"பெரிசாப் போடுங்க தம்பி, எல்லாருக்கும் தெரியோணும்" என்றார் நானா.

பாவிக்க வேண்டாம், திருப்பிக் கொண்டுவாருங்கள் என்று சிவப்பில், மிகப் பெரிய எழுத்தில் படம் செய்து திங்கட்கிழமை ஏற்றினேன். கீழே இருந்த கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

ஐந்தாம் நாள் அண்ணனை வைத்தியசாலையில் பார்த்தேன். சீனி கட்டுக்கடங்காமல் ஏறி, வாய் உலர்ந்திருந்தது. மூச்சு வேகமாக வந்தது.

"திங்கட்கிழமையும் படம் எண்டுதான் சொன்னது. என்ன கிடந்தது அதில?"

கைபேசியை எடுத்து முழுவதும் வாசித்தேன். ஒப்புநோக்கும் பழைய வழக்கப்படி, வரி முடியுமிடங்களில் தலையசைத்துக் கேட்டார்.

"பிழை ஒண்டும் இல்லை" என்றார். "அச்சுக்குப் போகலாம்."

மறுநாள் இறந்தார். வயது, இருதயம், சிறுநீரகம் என்று மருத்துவர் பல காரணங்களைச் சொன்னார். அவற்றையும் இங்கே எழுதவேண்டும். நானா கடையை இரண்டு நாள் பூட்டிவைத்தார்.

இப்போது அந்தத் தளத்தில் விளக்கம் இல்லாத படம் ஒன்றுகூட இல்லை. அண்ணனின் பேனா என் மேசையில் இருக்கிறது. அதைக் கொண்டுவந்த அன்று, குழாயில் மிஞ்சிய மருந்தைக் கோடுகளை வைத்துக் கணக்கிட்டேன். ஐந்து நாள், நாளுக்குப் பதினெட்டு. சரியாக இருந்தது. அவர் ஒரு சொடக்கைக்கூடத் தவறவிடவில்லை.