ஏழாவது கட்டை

பதினெட்டு வருடம் ஆயத்த ஆடை கம்பெனியில் தையல் பிழை பார்த்தவள் அவள். சட்டையை மேசையில் விரித்தால் போதும், விட்டுப்போன தையல் தானாக வந்து கண்ணைக் குத்தும். கம்பெனி வேறு ஊருக்கு மாறியபோது அவள் கூடப் போகவில்லை. மகள் பத்தாம் வகுப்பில் இருந்தாள். பக்கத்துத் தெருவில் சின்னப்பிள்ளைகள் மையம் ஒன்றில் விரிப்பு போட, பொம்மை துடைக்க என்று சேர்ந்தாள். அங்கே ரோபோ வகுப்பு எடுத்த பெண் கல்யாணமாகிப் போய்விட, ஓரமாக நின்று பார்த்தே எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருந்த இவளிடம் வகுப்பு வந்து சேர்ந்தது.

"ரோபோ டீச்சரா? உனக்கு டிவி ரிமோட்டே சொன்ன பேச்சு கேக்காதே!" என்றார் லாரி ஓட்டுகிற வீட்டுக்காரர்.

"இதுல திரையே கிடையாதுங்க. நீங்க வந்து பாத்தா உங்களுக்கே புரியும்."

"எனக்கேவா? சரிதான்."

வகுப்பில் இருந்ததெல்லாம் ஒரு மர வண்டி, தரையில் கட்டம் போட்ட விரிப்பு, குழி வைத்த பலகை ஒன்று. பச்சைக் கட்டை வைத்தால் வண்டி ஒரு கட்டம் முன்னால் போகும். மஞ்சள் இடது பக்கம் திருப்பும், சிவப்பு வலது பக்கம். கட்டைகளை வரிசையாகக் குழியில் வைத்துக் கடைசிப் பொத்தானை அமுக்கினால் வண்டி அதன்படி நடக்கும். வழி தவறினால் எந்தக் கட்டையில் கோளாறு என்று வைத்த பிள்ளையேதான் தேட வேண்டும். அடுத்தவர் கை வைக்கக் கூடாது. அது அவள் போட்ட சட்டம்.

பெற்றோர் வந்து பார்க்கும் நாள் வந்தது. காலையிலேயே மையத்து நிர்வாகி அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"இன்னைக்கு வர்றவங்க தலையாட்டினாத்தான் இந்த வகுப்பும்மா. டேப்லெட் வாங்கச் சொல்லி நிறைய பேர் கேக்கறாங்க. வாங்கிட்டேன்னா நீங்க பழையபடி விரிப்பு போடறதைத்தான் பாக்கணும்."

"சரிங்க மேடம்," என்றாள்.

முதலில் செய்துகாட்ட வேண்டியவள் சிட்டு. ஆறு வயது, மருந்துக்கடைக்காரர் மகள். பதினோரு கட்டைகளை அடுக்கிவிட்டுத் தண்ணீர் குடிக்க ஓடியிருந்தாள். வழக்கமாக டீச்சர் வண்டிக்குப் பின்னால் பிள்ளைகளோடு குந்தியிருப்பாள். அன்று பெற்றோருக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்ததால் விரிப்பின் எதிர்முனையில் நின்றபடி, வண்டி போகப்போகும் வழியைக் கண்ணால் ஓட்டிப்பார்த்தாள். வண்டி அவளை நோக்கி வரும்; ஏழாவது கட்டையில் திரும்பி, மூலையில் வரைந்த வீட்டுக்குப் போக வேண்டும். வீடு அவளுக்கு வலது கைப்பக்கம் இருந்தது. ஏழாவது குழியிலோ மஞ்சள்.

பதினெட்டு வருடப் பழக்கம் சும்மா விடவில்லை. கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே மஞ்சளை எடுத்துவிட்டுச் சிவப்பை வைத்தாள்.

பெற்றோர் வந்து உட்கார்ந்தார்கள். சிட்டு பொத்தானை அமுக்கினாள். வண்டி கடகடவென்று நேராக வந்தது, நின்றது, வீட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பியது. நான்கு கட்டம் போய்க் குளத்துப் படத்தின் மேல் நின்றது.

"வண்டிக்குக் குளிக்கணும்போல," என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

சிட்டு பலகையைக் குனிந்து பார்த்தாள். "இது நான் வச்சது இல்ல. நான் மஞ்சள் வச்சேன்."

"தப்பு வந்தா ஒத்துக்கணும்," என்றார் அவள் அப்பா. "பொய் சொல்ற பழக்கம் எங்கேருந்து வந்துச்சு உனக்கு?"

"பொய் இல்லப்பா!" சிட்டுவின் கீழுதடு பிதுங்கியது.

நிர்வாகி கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். வாயைத் திறக்காமல் இருந்தால் சின்னப்பிள்ளை தவறு என்று போய்விடும். அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டால் முடிந்தது. டீச்சர் கையிலிருந்த பட்டியலை மடித்தாள்.

"அவ பொய் சொல்லலைங்க. நான்தான் மாத்தி வச்சேன். அவ வச்சது தப்புன்னு நினைச்சேன். சரியாத்தான் வச்சிருக்கா."

சிட்டு மஞ்சளைத் திரும்பக் குழியில் அழுத்தினாள். வண்டி இந்த முறை வீட்டின் மேல் போய் நின்றது. இரண்டு பேர் கை தட்டினார்கள்.

மருந்துக்கடைக்காரர் விடவில்லை. "அது எப்படிங்க? டீச்சருக்கே தப்பாத் தெரிஞ்சது, இவளுக்குச் சரியாத் தெரிஞ்சதா?"

"நான் நின்ன இடத்துல வந்து நில்லுங்க. வண்டி உங்களைப் பாத்து வருது. அந்த வீட்டுக்குப் போக எந்தப் பக்கம் திருப்புவீங்க?"

"வலது பக்கம். இதுல என்ன சந்தேகம்?"

"அது உங்க வலது, அப்பா. வண்டிக்கு அது இடது," என்றாள் சிட்டு.

அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். இடம் மாறி நின்று பார்த்தார். கடைசியில் உடம்பையே திருப்பிக்கொண்டு, கையை ஸ்டியரிங் மாதிரி வைத்துப் பார்த்தார். இன்னொரு அப்பா எழுந்து வந்து, "நீங்க தள்ளுங்க சார், நான் சொல்றேன்," என்று சிவப்பையே எடுத்தார். ஒரு அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு விரிப்பில் ஏறினார். யாருடைய இடது எது என்று சத்தம் கூடிப்போனது.

நிர்வாகி டீச்சரைத் தனியே கூப்பிட்டார். "இந்த வருஷம் ஓடட்டும். ஆனா பிள்ளைங்க வச்சதுல இனிமே உங்க கை பட்டுச்சு, நான் சும்மா இருக்க மாட்டேன். அந்தக் குழந்தை முகம் போன போக்கைப் பாத்தீங்களா?"

"பாத்தேங்க," என்றாள்.

பிள்ளைகள் பசிக்கிறது என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். வண்டிக்குப் பின்னால் குந்திக் கட்டை அடுக்கிக்கொண்டிருந்த மருந்துக்கடைக்காரரை எழுப்பிவிட்டு விரிப்பைச் சுருட்ட அவளுக்கு இன்னும் கால் மணி நேரம் பிடித்தது.